நாலாம் மிஷின் வீலும் ஜன்னல் சீட்டும்

என் ஓரகத்தியைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை வேணும்னா எங்க வொர்க்‌ஷாப்புல யாரை வேணாலும் கேளுங்க. நாலு என்ன, நாப்பது சொல்லுவாங்க. என்னைக் கேட்டா முதல்ல ஞாபகம் வர்றது ஜன்னல் சீட்டுதான். ஆறு வருஷமா கம்பெனி பஸ்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே சீட்டுல போறோம், வர்றோம். வலது பக்க வரிசை, முன்னாலிருந்து மூணாவது. ஜன்னலோரம் அவ, நடக்குற வழியோரம் நான். நான் முன்னாடி ஏறி உள்ள தள்ளி உக்காந்தாலும் விட மாட்டா. பக்கத்துல வந்து நின்னு, சிரிச்சுக்கிட்டே, "நான் ஜன்னலோரம் போறேங்க்கா"ம்பா. சிரிக்கிறவகிட்ட என்னன்னு சண்டை போடுறது? எழுந்து வழி விடுவேன். காத்தெல்லாம் அவளுக்கு. நின்னுக்கிட்டு வர்றவங்க சாப்பாட்டுப் பை இடிக்கிறது எனக்கு.

அவ என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. மாமியார் வாயில நான் பெரியவ, அவ சின்னவ. ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே பஸ், போதாக்குறைக்கு ஒரே வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான். கல்யாணமாகி வந்த புதுசுல, வீட்டுல சும்மாவே இருக்கேங்க்கா, எங்கயாவது சொல்லி விடுங்கன்னு கேட்டா. வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத மூஞ்சியா இருக்கேன்னு இன்ஜினியர்கிட்ட நானே போய்ச் சொல்லிச் சேத்து விட்டேன். என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

எங்க வேலை என்னன்னு சொன்னாதான் மத்தது புரியும். வொர்க்‌ஷாப்புல ஆறு கிரைண்டிங் மிஷின் இருக்கு. இரும்புத் தண்டுகளை ஒரு முடியளவுகூடப் பிசகாம தேய்ச்சு அளவுக்குக் கொண்டுவர்ற மிஷினுங்க. தேய்க்கிறது ஒரு வட்டக் கல்லு. வெளியில சாணைக்கல்லுன்னு சொல்லுவாங்க, நாங்க வீல்னு சொல்லுவோம். சைக்கிள் சக்கரத்துல முக்கால்வாசி இருக்கும், ரெண்டு பேர் சேந்துதான் தூக்கணும். நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்துக்கு மேல சுத்தும். அதுல லேசா ஒரு விரிசல் இருந்தாப் போதும், அந்த வேகத்துல வெடிச்சுச் சிதறிடும். நான் சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அப்படி வெடிச்சு, ஒரு துண்டு கூரைத் தகட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளியில போயிருக்கு. அந்த ஓட்டையை அடைச்ச தகடு மட்டும் இன்னும் வேற கலர்ல இருக்கு. புதுசா வர்றவங்களுக்கு முதல்ல அதைத்தான் காட்டுவோம்.

அதனால ஒவ்வொரு திங்கக்கிழமையும் மிஷினை ஓட்டுறதுக்கு முன்னாடி சோதனை. பெல்ட் தளர்ந்திருக்கா, எண்ணெய் அளவு சரியா, வீல் மேல இருக்கிற மூடியோட போல்ட் இறுகியிருக்கா, தண்ணி வடிகட்டி அடைச்சிருக்கான்னு வரிசையாப் பாத்து எழுதணும். எல்லாத்தையும்விட முக்கியம் புதுசா மாட்டப்போற வீலைத் தட்டிப் பாக்குறது. முதல்ல உள்ளங்கையால தடவணும், தூசி இல்லாம, காஞ்சு இருக்கான்னு. அப்புறம் நிறுத்தி வெச்சு, சுத்தியலோட மரப்பிடியால நாலு பக்கமும் தட்டணும். நல்ல வீல்னா மணி அடிச்ச மாதிரி கணீர்னு கேக்கும். விரிசல் விட்டதுன்னா 'டொக்'குன்னு செத்த சத்தம் வரும். செத்த சத்தம் வந்தா அதுல சிவப்புச் சாக்பீஸால பெருக்கல் போட்டு, அந்த இடத்துலயே பெரிய சுத்தியலால உடைச்சுடணும். ஓரமா வெச்சா எவனாவது தெரியாத்தனமா எடுத்து மாட்டிடுவான்ல, அதுக்குத்தான். பதினாலு வருஷமா நான் இதைச் செய்யறேன். என் கை தட்டிப் போன ஒரு வீல் மிஷின்ல வெடிச்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் சொல்ல முடியாது.

இப்படி நான் கௌரவமா இருந்த இடத்துக்கு வந்தா இவ. வந்து ஒரு வருஷம் ஆகல, ஒரு திங்கக்கிழமை நான் தட்டிப் பாத்து சரின்னு பச்சைச் சீட்டு ஒட்டின வீல் பக்கத்துல குனிஞ்சு நிக்கிறா. நடு ஓட்டைக்குள்ள ரெண்டு விரலை விட்டுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, மரப்பிடியால ஒரு தட்டு. எனக்கெல்லாம் நின்ன இடத்துலயே கேக்கும். இவளுக்கு மட்டும் என்ன கண்ணை மூடிக்கிட்டு நாடகம்னு நினைச்சேன். எழுந்து மெதுவா, அக்கா இது சரியில்லைன்னு தோணுதுன்னா. இன்ஜினியரும் வந்து நின்னார். உடைச்சாங்க. உடைஞ்ச பக்கத்துல ஒரு கறுப்புக் கோடு, தலைமுடி விழுந்து கிடக்குற மாதிரி. விரிசல் பழசுன்னா அதுக்குள்ள தூசி இறங்கிக் கறுத்துப் போயிருக்கும், புதுசா உடைஞ்ச இடம் மட்டும்தான் வெள்ளையா இருக்கும். இன்ஜினியர் எல்லாரையும் கூப்பிட்டு அந்தத் துண்டைக் காட்டினார். என் முகத்துல ஈ ஆடல. அன்னிலேர்ந்து அவளுக்குக் காதுக்காரின்னு பேர் வந்துடுச்சு. பதினாலு வருஷம் தட்டின எனக்கு ஒரு பட்டப்பேரும் இல்ல.

வீட்டுலயாவது நிம்மதி உண்டான்னா அதுவும் இல்ல. மாமியாருக்கு அடுப்படியில ஒரு நாற்காலி உண்டு, அடுப்புக்கு வலது பக்கம். அதுல உக்காந்துக்கிட்டு உப்பு அதிகம், தீ அதிகம், எண்ணெய் ஊத்துற கை நீளம்னு ஓயாம ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நான் ரெண்டு நிமிஷம் பொறுப்பேன், மூணாவது நிமிஷம் திருப்பிக் கொடுப்பேன். சின்னவ? வாயே திறக்க மாட்டா. அவபாட்டுக்கு வேலையைப் பாத்துக்கிட்டு நிப்பா. அதனால அவ பொறுமைசாலி, நான் வாயாடி. சொந்தக்காரங்க யார் வந்தாலும், "எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல என் சின்னவ"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. பக்கத்துல நான் டம்ளர் கழுவிக்கிட்டு நிப்பேன். எனக்கு வயிறு எரியும் பாருங்க, அந்த அடுப்பே தேவையில்ல.

இந்த வருஷம்தான் சாவி விஷயம் வந்துச்சு. வீல் எல்லாம் வெச்சிருக்கிற ரூமுக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார், அவருக்கு வேற கிளைக்கு மாத்தல். அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கோ அவங்க கையெழுத்து இல்லாம ஒரு மிஷினும் ஓடாது. இனிமே சாவி எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குன்னு இன்ஜினியர் சொல்லிட்டார். நியாயமா எனக்குத்தான் வரணும். ஆனா டீ குடிக்கிற இடத்துல எல்லாரும், காதுக்காரிக்குத்தான் கிடைக்கும்னு என் காதுபடவே பேசிக்கிட்டாங்க. எனக்கு அந்தச் சாவி வேணும். சம்பளத்துக்காக இல்ல, சம்பளம் அதேதான். இடுப்புல அது தொங்கணும், அதை அவ பாக்கணும். அவ்வளவுதான் என் ஆசை.

அந்தத் திங்கக்கிழமை நாலாம் மிஷினுக்குப் புது வீல் மாட்ட வேண்டியிருந்துச்சு. நாலாம் மிஷின்ல நிக்கிறது என் கொழுந்தன், அதாவது அவ புருஷன். வெள்ளிக்கிழமையே சின்னவ அந்த வீலைத் தட்டிப் பாத்துப் பச்சைச் சீட்டு ஒட்டி, மிஷின் பக்கத்துச் சுவர்ல சாத்தி வெச்சிருந்தா. மாட்டுறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் ஒரு தடவை தட்டணும்னு விதி. அன்னிக்கு என் முறை. போனேன், மரப்பிடியால தட்டினேன். டொக்குன்னுச்சு.

இன்னொரு பக்கம் தட்டினேன். அங்கேயும் டொக்கு.

எனக்குத் தலைகால் புரியல. பயந்திருக்கணும்தானே? வெடிச்சிருந்தா என் கொழுந்தன் உயிர் போயிருக்கும். ஆனா உண்மையைச் சொல்றேன், அடிவயித்திலேர்ந்து ஒரு சந்தோஷம் கிளம்பி வந்துச்சு. காதுக்காரி கோட்டை விட்டுட்டா. வேணும்னே குரலை உசத்தி, யார் பாஸ் பண்ணின வீல் இதுன்னு கேட்டேன். எனக்குத் தெரியாதா யார்னு? எல்லாரும் கூடினாங்க. சின்னவ ஓடி வந்தா. முகம் வெளிறிப் போச்சு.

"அக்கா, நான் இன்னொரு தடவை பாக்கட்டுமா?" ன்னு கேட்டா.

"எதுக்கு? உடைச்சாத் தெரிஞ்சிடப்போகுது" ன்னு சொல்லிட்டு, சிவப்புப் பெருக்கலைப் போட்டு, பெரிய சுத்தியலை நானே எடுத்து ஒரே போடு போட்டேன். நாலு துண்டாப் போச்சு.

ஒரு துண்டைக் கையில எடுத்தேன். சில்லுனு இருந்துச்சு. திருப்பிப் பாத்தேன். உடைஞ்ச பக்கம் முழுக்க வெள்ளை, கறுப்புக் கோடே இல்ல. அடுத்த துண்டு, அதுலயும் இல்ல. கீழே பாத்தேன். வீல் சாத்தி வெச்சிருந்த சுவரோரம் தரை இன்னும் ஈரமா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை தரை கழுவுறவங்க குழாயைப் பிடிச்சு அடிச்சிருக்காங்க. அந்தக் கல்லு தண்ணி பட்டா பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கும். உறிஞ்சிக்கிட்டா விரிசலே இல்லாட்டியும் செத்த சத்தம்தான் வரும். அதுக்குத்தான் தட்டுறதுக்கு முன்னாடி தடவிப் பாக்கணும்னு விதி வெச்சிருக்கு. பதினாலு வருஷத்துல ஒரு நாள்கூட நான் அதை விட்டதில்ல. அன்னிக்கு விட்டுட்டேன். சின்னவ ஒட்டின பச்சைச் சீட்டைப் பாத்த உடனே என் கை நேரா மரப்பிடிக்குத்தான் போச்சு.

நல்ல வீலை உடைச்சுட்டேன்னு அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பவே சொல்லியிருக்கலாம். வாய் திறக்கல. துண்டுகளை நானே வாரிக் கழிவுத் தொட்டியில போட்டேன். இன்ஜினியர் வந்தப்போ, விரிசல் சார்னு ஒரே வார்த்தை. அவர் தொட்டியை எட்டிக்கூடப் பாக்கல, சொன்னது நானாச்சே. பதினாலு வருஷம் சேத்து வெச்ச நல்ல பேரை அன்னிக்கு அந்த ஒரு வார்த்தையில செலவு பண்ணினேன். சின்னவ துண்டுகளைப் பாக்கல, என்னையும் பாக்கல. தன்னோட ரெண்டு விரலையும் பாத்துக்கிட்டு நின்னா.

கொழுந்தன் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணி, உங்களால பொழைச்சேன்"னார். சாயந்திரம் வீட்டுல போய் அவங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டார். மாமியார் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் தலையைத் தடவினாங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவை. செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் கூப்பிட்டு, அடுத்த திங்கள்லேர்ந்து சாவி உங்ககிட்டன்னார். எல்லாமே நான் ஆசைப்பட்ட மாதிரி வரிசையா வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு.

புதன்கிழமை சின்னவ தன்னைப் பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டான்னு தெரிஞ்சுது. தண்டுகளை எண்ணெய்க் காகிதத்துல சுத்திப் பெட்டியில அடுக்குற வேலை. திங்கக்கிழமை கையெழுத்துப் போடறேன்னு இன்ஜினியர் சொன்னாராம். எனக்கு உள்ளுக்குள்ள குறுகுறுன்னுச்சு. ஆனாலும் பாருங்க, இவ தோத்ததை இவ வாயாலயே கேக்கணும்னு ஒரு அரிப்பு. வியாழக்கிழமை சாயந்திரம் ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தப்போ, ஏன் திடீர்னு பேக்கிங்னு ஒண்ணும் தெரியாதவ மாதிரி கேட்டேன்.

அவ கதவைச் சாத்திட்டு வந்தா. என் வலது பக்கம் வந்து உக்காந்தா. அப்புறம் சொன்னா.

"அக்கா, எனக்கு வலது காது சுத்தமா கேக்காது. சின்ன வயசுல ஜுரம் வந்து போயிடுச்சு. இப்ப இடதும் குறைஞ்சுக்கிட்டு வருது. உங்க கொழுந்தனுக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது."

அப்ப நீ வீலை எப்படிப் பாத்தேன்னு அவகிட்ட கேட்டேன்.

"விரல்லதான். ஓட்டைக்குள்ள விரலை வெச்சுத் தட்டினா, நல்ல வீல்னா விரல்ல ரொம்ப நேரம் ஓடும். விரிசல்னா சட்டுனு நின்னுடும். ஆறு வருஷமா அதை நம்பித்தான் இருந்தேன். இப்ப அதுவும் போயிடுச்சுங்க்கா. என் கையாலயே அவரைக் கொல்லப் பாத்தேனே. நீங்க மட்டும் அன்னிக்கு இல்லைன்னா..."

என் தோள்ல சாஞ்சு அழுதா. எனக்கு எங்கயாவது போய் முட்டிக்கலாம் போல இருந்துச்சு. ஆறு வருஷமா எந்தக் காதைப் பாத்து வெந்து செத்தேனோ அந்தக் காதே இல்ல. மாமியார் மெச்சின பொறுமையும் இல்ல. நாற்காலி இருந்தது அவளோட வலது பக்கம், அந்தம்மா பேசினதுல ஒரு வார்த்தை விழுந்தாத்தானே எதிர்த்துப் பேசறதுக்கு? அழுது முடிச்சு மூக்கைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சா. அதான் பஸ்ல எப்பவும் உங்களை எழுப்பிட்டு ஜன்னலோரம் போவேன், அப்பத்தானே நீங்க பேசுறது இந்த நல்ல காதுல விழும், நீங்க பேசிட்டு வர்றதைக் கேக்க எனக்குப் பிடிக்கும்க்கான்னா.

அப்பவாவது சொன்னேனான்னா, இல்ல. தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொன்னா சாவி போகும், பேர் போகும், தலையைத் தடவின மாமியார் கை போகும். அதோட, இன்னொண்ணும் இருந்துச்சு, சொல்ல வெக்கமா இருக்கு. இவ பேக்கிங் போயிட்டா இனிமே யாரும் என்னை இவகூட ஒப்பிட மாட்டாங்கன்னு மனசுல ஒரு மூலை கணக்குப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. காது கேக்காதுன்னு தெரிஞ்ச பிறகும் எனக்குப் பொறாமை போகலைன்னா நான் எப்படிப்பட்ட பொம்பளைன்னு நீங்களே பாத்துக்குங்க.

மறுநாள் வெள்ளிக்கிழமை புது வீல் ரெண்டு வந்துச்சு. சின்னவ மரப்பிடியைக் கையில எடுத்தா, வெச்சுட்டா. நீங்களே பாத்துடுங்கக்கான்னு தள்ளிப் போய் நின்னா. நான் தடவினேன், தட்டினேன், ரெண்டும் கணீர்னுச்சு. எனக்கு மட்டும் கேட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தண்ணி குடிக்க அடுப்படிக்குப் போனேன். சின்னவ தனியா நின்னுக்கிட்டு இருந்தா. கையில ஒரு எவர்சில்வர் தட்டு. அதோட விளிம்புல ரெண்டு விரலை வெச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, கரண்டியால தட்டுறா. கொஞ்ச நேரம் அசையாம நிக்கிறா. தலையை ஆட்டிக்கிட்டு மறுபடியும் தட்டுறா. அடுத்த தட்டை எடுக்கிறா, அதையும் அப்படியே. மாமியார் நாற்காலியிலிருந்து, என்னடி சத்தம், தலை வலிக்குதுங்கறாங்க, இவளுக்குக் கேக்கல. விரல் இன்னும் வேலை செய்யுதான்னு பாக்குறா. வீட்டுல இருந்த தட்டு மொத்தத்தையும் எடுத்து வெச்சிருந்தா. நான் தண்ணி குடிக்காம திரும்பி வந்துட்டேன்.

திங்கக்கிழமை பஸ்ல அவ ஜன்னலோரம்தான் உக்காந்தா. நான் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. உடம்பு சரியில்லையான்னு ரெண்டு தடவை கேட்டா. வொர்க்‌ஷாப்புல இறங்கினதும் நேரா கழிவுத் தொட்டிக்குப் போனேன். நல்ல வேளை, மாசக் கடைசிலதான் அதைக் காலி பண்ணுவாங்க. சிவப்புப் பெருக்கல் போட்ட நாலு துண்டையும் தேடி எடுத்து, ஒவ்வொண்ணா இன்ஜினியர் மேஜைக்குத் தூக்கிட்டுப் போனேன். ஆறு மிஷின்காரங்களும் சோதனைக்காக நின்னுக்கிட்டு இருந்தாங்க. சின்னவளும் கொழுந்தனும் இருந்தாங்க. இன்ஜினியர் கையில சாவியும், அவளோட பேக்கிங் விண்ணப்பமும் இருந்துச்சு.

"சார், இந்த வீல்ல விரிசல் இல்ல. தண்ணியில நனைஞ்சிருந்துச்சு. நான் தடவிப் பாக்கல. நல்ல வீலை உடைச்சுட்டேன்" னு சொன்னேன். சின்னவளோட இடது பக்கமாப் போய் நின்னுதான் சொன்னேன், அவளுக்கு விழணும்னு.

அவர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். எல்லாப் பக்கமும் வெள்ளை. எப்பத் தெரிஞ்சுதுன்னு கேட்டார். உடைச்ச நிமிஷமேன்னேன். ஏன் சொல்லலன்னார்.

"பொறாமை சார்."

நாப்பத்தாறு வயசுல, ஊர் முழுக்க நிக்கிற இடத்துல, அந்த வார்த்தையை வாய் விட்டுச் சொல்லிப் பாருங்க. இன்ஜினியர் பதிவேட்டைத் திறந்தார். போன வாரத்து வரியில விரிசல்னு இருந்ததை அடிச்சுட்டு, காரணம்னு இருக்கிற கட்டத்துல நனைந்த வீல், தவறான சோதனைன்னு எழுதினார். பொறாமைக்கு அந்தப் பதிவேட்டுல கட்டம் கிடையாது.

அப்பத்தான் சின்னவ முன்னாடி வந்தா. என் முகத்தைப் பாக்கவே இல்ல. தன் விண்ணப்பத்தை அவர் கையிலேர்ந்து வாங்கி ரெண்டாக் கிழிச்சா. எனக்கு ஒரு காது கேக்காது சார், இன்னொண்ணு அரைகுறை, விரல்லதான் பாக்கறேன், இதையும் எழுதிக்குங்கன்னா. இன்ஜினியர் அசந்துபோய்ட்டார். அன்னிக்கு முழுக்க ரூம்ல இருந்த வீல் ஒவ்வொண்ணையும் அவளைத் தட்ட வெச்சார், கூடவே அவரும் தட்டினார். மத்தியானத்துக்கு மேல ஒரு பழைய வீலைக் காட்டி, இது சரியில்ல சார்னா. அவருக்கு அதுல வித்தியாசமே தெரியல. உடைச்சாங்க. கறுப்புக் கோடு இருந்துச்சு. இனிமே ஒவ்வொரு வீலையும் ஒருத்தர் காதால பாக்கணும், ஒருத்தர் விரலால பாக்கணும், ரெண்டு கையெழுத்து வேணும்னு உத்தரவு போட்டார். சாவியை அவகிட்ட கொடுத்தார். இப்ப அது அவ இடுப்புலதான் தொங்குது. நான் பாக்கறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பூசை நடந்துச்சு. அடுப்படியில, மாமியார் முன்னாலயே, சின்னவ என்னைப் பிடி பிடின்னு பிடிச்சா. வீலை உடைச்சது போகட்டும். கேக்காதுன்னு அழுதப்பவும் தோளைக் கொடுத்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்தீங்களே, புருஷனைக் கொல்லப் பாத்தேன்னு நான் நாலு நாளா சாப்பிடாம கிடந்ததை எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே சாப்பிட்டீங்களே, உங்களுக்கு எப்படி இறங்குச்சுன்னு கேட்டா. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டா. நான் ஒரு வார்த்தை திருப்பிக் கொடுக்கல. முதல் தடவையா அந்த வீட்டுல நான் பொறுமைசாலி. மாமியார் நாற்காலியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "இத்தனை நாள் இந்த வாயை எங்கடி வெச்சிருந்தே?"ன்னு கேட்டாங்க. அவங்க பக்கம் திரும்பி, இடது காதைக் காட்டி, இனிமே எனக்குச் சொல்றதா இருந்தா இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க அத்தைன்னா. மறுநாள் காலையில பாத்தா நாற்காலி அடுப்புக்கு இடது பக்கம் வந்திருந்துச்சு.

அன்னிக்குக் காலையில பஸ் வந்துச்சு. அவ எனக்கு முன்னாடி ஏறினா. நம்ம மூணாவது சீட்டுதான். ஆனா ஜன்னலோரம் போகல. சீட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டு, உள்ள போங்கன்னு கையைக் காட்டினா. அக்கான்னுகூடச் சொல்லல. நான் உள்ள போய் உக்காந்தேன். அவ வழியோரம் உக்காந்தா, வலது காது என் பக்கம்.

ஆறு வருஷம் ஆசைப்பட்ட ஜன்னல் சீட்டு. காத்து நல்லாத்தான் அடிச்சுது. தப்புதான், மன்னிச்சுடுன்னு அந்தக் காதுகிட்டயே வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தேன். அவ நேராப் பாத்துக்கிட்டு வந்தா.

ரெண்டு மாசம் ஆச்சு. வேலையில பேசுவா. காஞ்சிருக்கா பாத்தீங்களா, கையெழுத்துப் போட்டீங்களா, அவ்வளவுதான். தினமும் நான் பஸ்ல ஏறினதும் உக்காராம நிப்பேன், இன்னிக்காவது ஜன்னலோரம் போறேங்க்கான்னு சொல்லுவாளான்னு. டிரைவர், உக்காருங்கம்மான்னு அதட்டுவார். அவ உள்ள கையைக் காட்டுவா. வழிக்கு அந்தப் பக்கத்துச் சீட்டுல பேக்கிங்ல வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி வருவா. சின்னவளோட இடது காது இப்ப அவளுக்கு. ரெண்டு பேரும் ஏறினதுலேர்ந்து இறங்குற வரைக்கும் பேச்சும் சிரிப்புமா வர்றாங்க. அப்படி என்னதான் பேசுவாளோ அந்தப் பேக்கிங்காரி. ஜன்னல் காத்து முகத்துல அடிக்க அடிக்க, எனக்கு அவளைப் பாத்துத்தான் இப்ப வயிறு எரியுது.